தூக்கி எறிய மனசு வராத மூடி

மூடிக்காரருக்கு வயிற்று வலி. இந்தச் செய்தி அவர் மனைவிக்குத் தெரியும், தொழிற்சாலைக் காவலாளிக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்கு மிக நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நடமாடிக்கொண்டிருந்தவர் மூடிக்காரர் ஒருவர்தான். நின்று பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று முகம் கோணும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய தத்துவம் உதித்தவர் போல மோட்டுவளையைப் பார்ப்பார். வலி விட்டதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாங்க" என்பாள் மனைவி.

"வாயு" என்பார்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே வாயுதான். மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு வாயு. மனைவி கோபித்துக்கொண்டால் நெஞ்சில் வரும் படபடப்பும் வாயு.

இத்தனைக்கும் அவருடைய பிழைப்பே பிறத்தியார் வயிறுதான். எண்டோஸ்கோப் என்ற கறுப்புக் குழாயைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வாய் வழியாக அதை இறக்கி, வயிற்றுக்குள் என்ன கூத்து நடக்கிறது என்று டாக்டர்கள் திரையில் பார்ப்பார்கள். அதன் கைப்பிடிக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு சின்ன வாய் இருக்கிறது. சதைத் துணுக்கு எடுக்க வேண்டுமானால், நீளக் கம்பி போன்ற இடுக்கியை அந்த வாய் வழியாகத்தான் உள்ளே அனுப்புவார்கள். திரும்ப இழுக்கும்போது வயிற்றின் ஈரமெல்லாம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். டாக்டர் கையில் தெறிக்கும், கட்டிலில் சொட்டும். ஒருவர் வயிற்றிலிருந்த கிருமி டிக்கெட் எடுக்காமலே அடுத்தவரிடம் போய்ச் சேரும். அதைத் தடுக்க அந்த வாய்க்கு ஒரு ரப்பர் மூடி போடுகிறார்கள். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அந்த மூடியை வடிவமைப்பதுதான் நம்மவர் வேலை. சொந்தக்காரர்கள் ராக்கெட் செய்பவரைப் பற்றிச் சொல்வது போல அதைச் சொல்லிக்கொள்ள முடியாமல் தவித்து, கடைசியில் "மூடிக்காரர்" என்று பெயர் வைத்து ஓய்ந்துவிட்டார்கள்.

அவர் அந்த வேலைக்காகவே பிறந்தவர். சுத்தம் என்றால் உயிர். தொழிற்சாலைச் சோதனை அறையில், வயிற்று நீருக்குப் பதிலாக ஒளிரும் திரவத்தை ஊற்றி, கம்பியை உள்ளே விட்டு இழுத்து, விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைக் காட்டுவார். எங்கெல்லாம் தெறித்திருக்கிறதோ அங்கெல்லாம் பச்சையாக மின்னும். அந்த ஊதா விளக்கு மெல்ல மெல்ல வீட்டுக்கும் குடிவந்தது. கதவுப் பிடியில் காட்டினார். தண்ணீர்க் குழாயில் காட்டினார். ஒருநாள் ஊரிலிருந்து வந்த மச்சான் ஆசையாய்க் கையை நீட்ட, அந்தக் கையிலும் காட்டினார்.

"என்ன மாமா, என்னைத் திருடன்னு நெனச்சீங்களா?"

"சேச்சே, அப்படியில்ல மச்சான். விரலிடுக்குல என்னவோ மின்னுது. ஒரே ஒரு தடவை சோப்புப் போட்டுட்டு வந்துடுங்களேன்."

மச்சான் சோப்புப் போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அதன்பிறகு அக்காவோடு மட்டும்தான் தொலைபேசியில் பேச்சு.

அந்த அக்கா, அதாவது மூடிக்காரரின் மனைவி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் பாதம் வைத்திருப்பாள். வாழ்க்கையிலும் அவளுக்கு அதே வேலைதான். கணவர் எதிலாவது கண்மூடித்தனமாகப் பாயும்போது மிதிப்பாள். ஆனால் மூடி விஷயத்தில் மட்டும் அவளுடைய பிரேக் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அது காதல். மூடிக்காரர் வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே ஒரு மூடிக்குக் கொடுத்தார். உள்ளே பிளவு போட்ட இரண்டு சவ்வுகள், நடுவில் ஒரு சிறு பஞ்சு. கம்பி வெளியே வரும்போது பஞ்சு அதைத் துடைத்துவிடும்; ஒரு சொட்டுகூட வெளியே வராது. அந்தப் பஞ்சில் சேரும் அழுக்கைக் கடவுளே வந்தாலும் கழுவ முடியாது. ஆகவே ஒரு நோயாளிக்கு ஒரு மூடி. வேலை முடிந்ததும் குப்பை. சட்டம் அவ்வளவுதான்.

ஆனால் குப்பைக்குப் போகிற பொருளை அவர் செய்த அழகு இருக்கிறதே! குழந்தையின் காது மடல் போன்ற மென்மை. மாட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக மட்டும் எத்தனையோ அச்சுகளைத் தூக்கிப் போட்டார். நிறம், விடியற்கால வானத்து நீலம்.

"இவ்வளவு ஒசத்தியான சிலிக்கான் எதுக்குய்யா?" என்று முதலாளி தலையில் கைவைத்தார். "ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியப்போற சாமானுக்கு?"

"டாக்டர் விரல் படுற எடம் சார் அது."

"அவர் கையுறை போட்டிருப்பார்யா!"

"கையுறைக்கும் உணர்ச்சி உண்டு சார்."

முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பெயர் வெற்றி என்று மூடிக்காரர் நினைத்துக்கொண்டார். 'ஒரே முறைதான் பயன்படுத்தணும்' என்கிற குறியைச் சிவப்பில் பெரிதாகப் போடச் சொன்னார் அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர். மூடிக்காரர் கொதித்துப்போனார். "நல்லா அலங்காரம் பண்ணின பொண்ணு நெத்தியில வீட்டு விலாசம் எழுதுவாங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு, குறியை அடி விளிம்பில், அதே நீலத்தில், மயிரிழையாகச் செதுக்கினார். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு கண்காட்சியில் போட்டிக் கம்பெனியின் மூடியைப் பார்த்தார். பழுப்பு நிறம், டயர் வாடை, இழுத்தால் கிழிந்தது. செத்த கரப்பான்பூச்சியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி, "இதை சைக்கிள் டியூபுக்குக்கூட மாட்ட மாட்டாங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு தேனாய் இறங்கியது.

மூடி சந்தைக்குப் போயிற்று. விற்பனைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரே பாராட்டு சார்! இந்த மாதிரி சாமானைக் கண்ணால பாத்ததில்லைங்கறாங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"ஆனா ஒரு சின்ன விஷயம். ஒருத்தரும் ரெண்டாவது பெட்டி வாங்க மாட்டேங்கறாங்க."

"தரமான சாமான் மெதுவாத்தான் ஓடும்" என்றார் மூடிக்காரர். அவர் காதுக்குள் முதல் வாக்கியம் மட்டும்தான் போயிருந்தது.

இந்தப் புகழ் வெள்ளத்துக்கு நடுவில்தான் அவர் கழுத்தும் வயிறும் சதி செய்தன. நாள் முழுக்க மூடியைக் குனிந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்துக்கு வலி மாத்திரை போட்டார். வெறும் வயிற்றில் போட்டார், மிட்டாய் மாதிரி போட்டார். பிறகு ஒருநாள் கழிவறையில் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது. தண்ணீரை ஊற்றிவிட்டு, கையை மூன்று தடவை கழுவிவிட்டு, வெளியே வந்து மனைவியிடம், "இன்னைக்கு என்ன வெயில்!" என்றார்.

தொழில் தெரிந்த பயம் மிகப் பொல்லாதது. சோதனைக்கு வந்த பழைய குழாய்களின் உள்ளே என்னென்ன ஒட்டியிருந்தது என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் கறுப்புப் பாம்பு தன் தொண்டைக்குள் இறங்குவதா! இது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். சொல்லிக்கொள்ளாத காரணம் வேறு. அவர் அப்பாவும் 'வாயு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், ஒன்றும் செய்யாமலே திரும்பத் தைத்துவிட்டார்.

மனைவி அவரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விடும் வழியில் உண்மை உடைந்தது. முன் இருக்கையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணாடிப் பக்கம் சரிந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

"இப்போ உண்மையைச் சொல்லணும். வாயுன்னு சொன்னீங்க, இங்கயே இறக்கிவிட்டுட்டுப் போயிடுவேன்."

சொன்னார். கறுப்பைப் பற்றிச் சொன்னார், அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவள் என்ஜினை அணைத்தாள். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாத வீடு அது. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

"எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் கடைசியில். "ஒரு மூடியைக் காப்பாத்தத் தெரியுது. என்னை விதவையாக்காம இருக்கத் தெரியலையா?"

அவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஊரில் எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும், தன் மூடியை வாங்கிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். உலகத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதானே!

ஆஸ்பத்திரியின் சோதனை அறை அவருக்குப் பிடித்துவிட்டது. கழுவும் இடம் தனி, உலர்த்தும் அலமாரி தனி. சுத்தமான குழாய்கள் கொடியில் தொங்கும் துணிபோல நேராகத் தொங்கின. மூத்த நர்ஸ் கெட்டிக்காரி. தலைமுடி ஒன்றுகூடத் தொப்பிக்கு வெளியே தெரியவில்லை. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்தார். இடப்பக்கமாகப் படுக்க வைத்தார். குழாயைக் கடித்துவிடாமல் இருக்க, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கட்டையை வாயில் வைத்து, பின்னந்தலையில் பட்டையை மாட்டினார். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மூடிக்காரர் பார்த்தார்.

நர்ஸ் ஒரு சின்னத் தட்டின் மேல் விரித்திருந்த துணியை விலக்கினார். உள்ளே வரிசையாக, ஈரம் துடைத்து, பளபளவென்று நீல மூடிகள். எல்லாம் அவர் பெற்ற பிள்ளைகள். பாக்கெட்டிலிருந்து வந்தவை அல்ல. குளித்துவிட்டு வந்தவை! ஒன்றை எடுத்துக் குழாயில் மாட்டினார். 'டக்' என்றது.

ஐயோ, அந்தச் சத்தம்! தன் பிள்ளையே தன் கழுத்தில் கத்தி வைத்தது போல இருந்தது அவருக்கு. கத்த வேண்டும். வாயில் கட்டை. தொண்டை மரம்.

"ஆ... ஆ... ஊ!"

"பயப்படாதீங்க சார். மூக்கால மூச்சு விடுங்க. நல்ல பிள்ளையில்ல?"

அவர் மூடியைக் கைகாட்டினார். நர்ஸ் முகம் மலர்ந்தது.

"இதுவா? ரொம்ப நல்ல சாமான் சார். எத்தனை பேருக்குப் போட்டாச்சு, இன்னும் புதுசு மாதிரியே இருக்கு பாருங்க!"

மூடிக்காரர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் காற்றில் வீசினார். நோயாளிக்குப் பயம் தலைக்கேறிவிட்டது என்று முடிவுசெய்து, வெளியே இருந்த மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாய் திறக்க முடியாமல் கையை வீசுபவர்களோடுதான் அவளுக்கு அன்றாடம் பிழைப்பு.

"பயமெல்லாம் இல்லை. பிரேக் போடச் சொல்றார்" என்றபடி பட்டையை அவிழ்த்தாள்.

"கழுவ... கூடாது..." நாக்கு மரத்து, எச்சில் வழிய, மானம் மரியாதை எல்லாம் வழிய, அவர் சொன்னார். "ஒரே தடவைதான்... அதைச் செஞ்சவன்... நான்தான்."

அறை திடுக்கிட்டது. பிறகு நர்ஸுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

"நாங்க ஒண்ணும் சும்மா போடலை சார். பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மருந்துல ஊறவெச்சு, காயவெச்சுதான் எடுக்கறோம். பழைய மூடியெல்லாம் ஒரு தடவையில பிஞ்சு போயிடும், எறிஞ்சுடுவோம். இதை எப்படி சார் எறியறது? கையில எடுத்தாலே மனசு வர மாட்டேங்குதே!"

"அடியில... குறி இருக்கு."

நர்ஸ் மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "இதுவா? அழுக்குன்னு நெனச்சு இதைத்தானே நல்லா அழுத்தித் தேய்ச்சேன்!"

மூடிக்காரர் ஒரு பிளேடு கேட்டார். தட்டிலிருந்த மூடி ஒன்றை நெடுக்காக அறுத்தார். வெளியே விடியற்கால வானம். உள்ளே பஞ்சு முழுக்கப் பழுப்பு. எத்தனை பேருடைய வயிற்று ரகசியம் அதில் ஊறியிருந்ததோ! டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிறமே இல்லை. அன்றைய நோயாளிகளையெல்லாம் நிறுத்தச் சொன்னார். இதுவரை பார்த்தவர்களை ஒருவர் விடாமல் வரவழைத்து ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அழாதீங்கம்மா" என்றார் மூடிக்காரர். "நீங்க கழுவினது தப்பில்லை. கழுவத் தோணுற மாதிரி செஞ்சேன் பாருங்க, அதுதான்." இத்தனை வருடத்தில் அவர் தன் மூடியைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது.

மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கி, செருப்பைத் தேடினார். தப்பித்துப் போக இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் வாசலை மறித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மூடிதான் இல்லையே."

"டாக்டர், வேற மூடி இருக்கா?"

"வேற ஸ்கோப் இருக்கு. இன்னைக்கு யாருக்கும் போடாதது, முழுசா சுத்தம் பண்ணினது" என்றார் டாக்டர். "முன்னாடி வாங்கின மூடியும் இருக்கு. ஆனா சாருக்குப் பிடிக்குமான்னு தெரியலை."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து நர்ஸ் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். பாக்கெட்டைக் கிழித்தார். பழுப்பு நிறம். டயர் வாடை.

மூடிக்காரர் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பாதம் பிரேக்கில் உறுதியாக இருந்தது. அவர் தானாகவே கட்டிலில் ஏறி, இடப்பக்கமாகத் திரும்பி, வாயைத் திறந்தார். சைக்கிள் டியூப் மூடி மாட்டிய குழாய் அவர் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணீர் பெருகியது. தொண்டைக் குமட்டலா, தன்மானமா, அப்பாவின் ஞாபகமா, அவருக்கே தெரியாது. அவள் கடைசிவரை அவர் கையை விடவில்லை.

"புண்ணு" என்றார் டாக்டர். "பெரிய புண்ணு. ரத்தம் கசியறதை நிறுத்தியாச்சு. வலி மாத்திரை நிறைய போடுவீங்களா?"

"மிட்டாய் மாதிரி" என்றாள் மனைவி.

எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வரும்வரை மனைவி தினமும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்துகொண்டிருந்தாள். கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. அவர் சிரிக்கவில்லை. அழைத்துப் பரிசோதித்த மற்றவர்களின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தார். யாருக்கும் எதுவும் ஒட்டவில்லை என்று டாக்டரே தொலைபேசியில் சொன்ன அன்றுதான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதார். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது.

விற்ற மூடிகளையெல்லாம் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. முதலாளியின் புலம்பலைக் கேட்கச் சகிக்கவில்லை. "சாமான் மட்டம்னு திரும்ப வாங்கின கம்பெனி உண்டு. சாமான் ரொம்ப நல்லா இருக்குன்னு திரும்ப வாங்கினது நாம ஒருத்தர்தான்யா!"

அதன்பிறகு மூடிக்காரர் கிழிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கேட்கச் சுலபம். மாட்டும்போது கிழியக் கூடாது, வேலை நடக்கும்போது கிழியக் கூடாது, கழற்றும்போது மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் கிழிய வேண்டும். வாழ்நாளெல்லாம் கிழியாமல் காத்தவருக்கு அது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வேதனை. ஒவ்வொரு சோதனையிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுப்பார்.

"கிழிஞ்சிருச்சு சார்!" என்று அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர் கத்துவார்.

"பாதி கிழிஞ்சுதா, முழுசாவா?"

"பாதி."

"பாதி கிழிஞ்சா ஒட்டவெச்சுப் போடுவாங்கய்யா. நம்ம ஜனங்களைப் பத்தி எனக்குத் தெரியும்."

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை அவர் வாயு என்று சொல்லவில்லை. மனைவிக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அதே அறை, அதே கட்டில், அதே மூத்த நர்ஸ். பாக்கெட்டைக் கிழித்துப் புது மூடியை எடுத்து மாட்டினார். சத்தமே இல்லை. நிறம் வெளிறிய மஞ்சள். நடு வயிற்றில் கொட்டை எழுத்தில் சிவப்புக் குறி. நர்ஸுக்கு அது யார் செய்தது என்று தெரியாது. கம்பெனி பெயரைப் பாக்கெட்டின் மேல் போட வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டிருந்தார். பழைய கதை போதும் என்று.

குழாய் இறங்கியது, வெளியே வந்தது. "ஆறிடுச்சு சார். வடு மட்டும்தான் இருக்கு" என்றார் டாக்டர். மனைவி மூச்சு விட்டது கட்டில்வரை கேட்டது.

நர்ஸ் மூடியைக் கழற்றினார். சரக்கென்று அது நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து, பழுப்புப் பஞ்சு வெளியே தொங்கியது. நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் குப்பை வாளியில் போட்டார்.

"என்ன சாமானோ போங்க! முன்னாடி வந்த நீல மூடி எவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்பல்லாம் யாருக்குமே வேலையில அக்கறை இல்லை சார்."

மூடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு இன்னும் மரத்திருந்தது. கன்னத்தில் மட்டும் கண்ணீர் கோடாக இறங்கியது.

"வலிக்குதா சார்?" என்று பதறினார் நர்ஸ்.

"வலியெல்லாம் இல்லைங்க" என்றாள் மனைவி, கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பாராட்டினா அவருக்கு இப்படித்தான்."